எடிங்டன் எண்ணும் குளிர்காலச் சைக்கிள் பிரயாணமும்

சைக்கிளில் நெடுந்தூரம் செல்லும் பழக்கமுள்ளவர்கள் தாம் கடந்த தூரத்தைப் பற்றி ஏதேனும் ஒரு கணக்கு வைத்திருப்பது இயல்பு. சிலர் ஓராண்டில் சென்ற மொத்தத் தூரத்தைக் குறித்து வைப்பர். சிலர் ஒரே நாளில் சென்ற மிக நீண்ட தூரத்தை நினைவில் கொள்வர். இவ்விரண்டு முறைகளிலும் குறைபாடு உண்டு. நாள்தோறும் கடைத்தெருவுக்குச் சென்று வருபவரின் மொத்தத் தூரமும் ஆண்டு முடிவில் பெரிய எண்ணாகிவிடும். அதனால் அவர் நெடுந்தூரப் பிரயாணி ஆகிவிடமாட்டார். ஒரு நாள் மட்டும் 100 மைல் சென்றுவிட்டுப் பிறகு வண்டியைத் தொடாதவரும் அப்பெயருக்கு உரியவரல்லர். தூரத்தையும் விடாமுயற்சியையும் ஒருங்கே காட்டும் ஒற்றை எண் ஒன்று உண்டா? இக்கேள்விக்கு விடை தந்தவர், விண்மீன்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி.

சர் ஆர்தர் எடிங்டன் 1882ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கில வானநூல் அறிஞர். 1914 முதல் கேம்பிரிட்ஜ் வான ஆய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கினார். 1919 மே 29ஆம் தேதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பிரின்சிபித் தீவிலிருந்து ஆராய்ந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் அவரே. ஆராய்ச்சி போக எஞ்சிய காலத்தில் அவர் சைக்கிளில் ஊர்சுற்றுவதைப் பெரிதும் விரும்பினார். தம் பிரயாணங்களை அளவிட அவர் ஒரு விதியை வகுத்துக்கொண்டார். ஒருவர் தம் வாழ்நாளில் குறைந்தது n நாட்களில், ஒவ்வொரு நாளும் n மைலோ அதற்கு மேலோ சென்றிருக்கவேண்டும். இந்நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களுள் மிகப் பெரியதே அவருடைய n ஆகும். இன்று சைக்கிள் பிரயாணிகள் இதனை 'எடிங்டன் எண்' என்று வழங்குகின்றனர்.

ஓர் உதாரணம்

கிராமங்களுக்குச் சென்று வரும் பணியாளர் ஒருவர் 12 நாட்களில் சென்ற தூரங்கள் கிலோமீட்டரில் பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம்: 31, 8, 14, 22, 10, 9, 12, 27, 6, 11, 15, 10. இவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் 31, 27, 22, 15, 14, 12, 11, 10, 10, 9, 8, 6 என்று அமையும். ஒன்பதாம் இடத்தில் 10 உள்ளது. அது ஒன்பதுக்குக் குறைந்ததன்று. பத்தாம் இடத்தில் 9 உள்ளது. அது பத்துக்குக் குறைந்தது. ஆகவே அவருடைய எண் 9 ஆகும்.

இந்த உதாரணத்தில் கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, 31 கிலோமீட்டர் சென்ற நாளில் அவர் 100 கிலோமீட்டர் சென்றிருந்தாலும் அவருடைய எண் 9 ஆகவே இருந்திருக்கும். ஒரு நாளின் பெருமுயற்சி இக்கணக்கில் ஒரு நாளாக மட்டுமே மதிக்கப்படும். இரண்டாவது, எண் உயர உயர ஏறுவது கடினமாகிறது. 10ஐ அடைய இன்னும் ஒரு நாள் போதும். 11ஐ அடைய நான்கு நாட்கள் வேண்டும். ஏனெனில் முன்னர் சென்ற 10 கிலோமீட்டர் பிரயாணங்கள் இரண்டும் அப்பொழுது கணக்கிலிருந்து நீங்கிவிடும். 12ஐ அடைய ஆறு நாட்கள் தேவைப்படும். நேற்றுப் போதுமானதாயிருந்த முயற்சி நாளைக்குப் போதாது என்பதை இந்த எண் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது.

விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மதிப்பிடுவதற்கு 2005ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் வகுத்த அளவையும் இதே அமைப்புடையது. அதில் நாட்களுக்குப் பதிலாகக் கட்டுரைகளும், மைல்களுக்குப் பதிலாக அக்கட்டுரைகள் பிறரால் மேற்கோள் காட்டப்பட்ட தடவைகளும் இடம்பெறும்.

கால் மைலின் மதிப்பு

எடிங்டன் தம் எண்ணைப் பற்றி எழுதிய கடிதங்கள் இன்று உலகுக்குத் தெரிவதற்குக் காரணமானவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் 1910ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றவர் அவர். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்றும், அது சூரியனுடைய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்றும் அவர் கண்டார். 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் வானநூல் கழகக் கூட்டத்தில் அவர் இம்முடிவை எடுத்துரைத்தபொழுது, உடனே எழுந்து அதை மறுத்துப் பேசியவர் எடிங்டனே. பிற்காலத்தில் சந்திரசேகரின் முடிவே சரியென்று நிலைபெற்றது. 1983இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எனினும் அவ்விருவரின் நட்பு அறுந்துபோகவில்லை. சந்திரசேகர் அமெரிக்கா சென்ற பிறகும் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. அக்கடிதங்களில் விண்மீன்களோடு சைக்கிள் எண்ணும் இடம்பெற்றது.

1938இல் எழுதிய கடிதத்தில், தம் எண் 75 என்ற அளவிலேயே நிற்பதாக எடிங்டன் தெரிவித்தார். அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில் தென் வேல்ஸ் பகுதியில் நல்ல வானிலையில் சுற்றியபோதிலும், இரண்டு நாட்களில் 74¾ மைல் மட்டுமே சென்றதால் அவை கணக்கில் சேரவில்லை. அடுத்த படியை எட்ட இன்னும் நான்கு பிரயாணங்கள் வேண்டியிருந்தன. 1943இல் அவர் எண் 77 ஆக உயர்ந்தது. கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள தாழ்ந்த சதுப்பு நிலப்பகுதியில் 80 மைல் சென்றதால் அந்தக் கடைசிப் படி கிட்டியது. போர்க்காலத்தில் இரவு தங்குவதற்கு இடம் கிடைப்பது நிச்சயமில்லாததால், 1940க்குப் பிறகு நீண்ட சுற்றுப்பயணம் செய்ய இயலவில்லை என்றும் அவர் எழுதினார். மறு ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

ஐந்து ஆண்டுகளில் இரண்டே படிகள்! கால் மைல் குறைந்ததை முழுமையாக்கிக் கொள்ள அவரைத் தடுப்பார் எவருமில்லை. அக்கணக்கைச் சோதிப்பாரும் இல்லை. எனினும் 74¾ என்பதை 75 என்று எழுத அவர் கை துணியவில்லை. தம் கொள்கையில் பிடிவாதமாக நின்று பிழை செய்த அறிஞர், தம் சொந்தக் கணக்கில் கால் மைலையும் விட்டுக்கொடுக்காமல் உண்மையைப் பேணினார் என்பது சிந்திக்கத்தக்கது. அக்கடிதங்களைப் பாதுகாத்து, எடிங்டனின் நூற்றாண்டு விழாச் சொற்பொழிவுகளில் அன்போடு எடுத்துக் கூறியவர் சந்திரசேகரே என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

500 நாட்கள்

ஈஸ்டர் விடுமுறையின் இளவெயிலில் 75 மைல் செல்வது ஒன்று; ஆண்டு முழுவதும், பனி உறையும் மாதங்களிலும், நாள் தவறாது செல்வது வேறொன்று. பின்னதற்குச் சிறந்த சான்று அதே காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த டாமி காட்வின் என்பவரின் சாதனை. சிறுவயதில் சைக்கிளில் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவர் அவர். மரக்கறி உணவே உண்பவர்.

ஓராண்டில் மிக அதிகத் தூரம் சைக்கிளில் செல்லும் போட்டி 1911ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டு மார்செல் பிளேன் என்பவர் 34,366 மைல் சென்றார். 1937இல் ஆஸ்திரேலியாவின் ஆஸி நிக்கல்சன் 62,657 மைல் சென்றார். காட்வின் 1939 ஜனவரி 1ஆம் தேதி புறப்பட்டார். அக்டோபர் மாத இறுதியில் நிக்கல்சனின் தூரத்தைக் கடந்தார்; டிசம்பர் 31ஆம் தேதி 75,065 மைலில் ஆண்டை முடித்தார். இது 1,20,805 கிலோமீட்டருக்குச் சமம். நாள் ஒன்றுக்குச் சராசரி 205 மைலுக்கு மேல் ஆகிறது. அவர் ஏறிச் சென்ற வண்டியோ 30 பவுண்டுக்கு மேல் எடையுள்ளது; நான்கு வேக கியர் மட்டும் உடையது. செப்டம்பரில் போர் மூண்டதும் நாடெங்கும் விளக்குகள் மறைக்கப்பட்டன. சைக்கிள் விளக்கின் ஒளியையும் குறைக்க வேண்டியதாயிற்று.

ஆண்டு முடிந்ததும் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. 1,00,000 மைல் என்ற அடுத்த எல்லையை நோக்கிச் சென்றார். 1940 ஜனவரி மாதமோ மிகக் கடுமையான குளிருடையது. மத்திய இங்கிலாந்தின் அம்மாதச் சராசரி உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழே சென்றது. 1895 பிப்ரவரிக்குப் பிறகு அத்தகைய குளிர்ந்த மாதம் அங்கு ஏற்பட்டதில்லை. அக்குளிரையும் கடந்து, 1940 மே மாதத்தில், 500 நாட்களில் அவர் ஒரு லட்சம் மைலை நிறைவு செய்தார். முதல் 365 நாட்களின் சராசரி 205 மைலுக்கு மேற்பட்டது. எஞ்சிய 135 நாட்களுக்கு வகுத்தால் சராசரி ஏறக்குறைய 185 மைல் ஆகிறது. பனியும் இருளும் களைப்பும் சேர்ந்து நாளொன்றுக்கு 20 மைலைப் பறித்துக்கொண்டன எனலாம். அவருடைய ஓராண்டுச் சாதனையை அமெரிக்காவின் கர்ட் சியர்வோகல் 2016 ஜனவரியில் 76,076 மைல் சென்று கடக்கும் வரை, 76 ஆண்டுகள் எவராலும் வெல்ல இயலவில்லை. 2017 மே மாதத்தில் அமண்டா கோக்கர் என்ற பெண்மணி, வெப்பம் மிகுந்த ஃபுளோரிடாவில், அதனை 86,573 மைலாக உயர்த்தினார்.

காட்வினின் ஆண்டை எடிங்டனின் அளவையால் அளந்தால் ஒரு சுவையான முடிவு கிடைக்கிறது. எண் n ஆவதற்குக் குறைந்தது n நாட்களில் n மைல் வீதம் செல்லவேண்டும்; அதாவது மொத்தத் தூரம் n-இன் வர்க்கத்துக்குக் குறையலாகாது. 274இன் வர்க்கம் 75,076. காட்வின் சென்றது 75,065. ஆகவே அந்த மாபெரும் ஆண்டிலும் அவருடைய எண் 273ஐத் தாண்டியிருக்க முடியாது. நாள் தவறாமல் சராசரி 205 மைல் சென்றவருடைய உண்மையான எண் அதற்கும் குறைவாகவே இருந்திருக்கும்.

குளிர் எவ்வாறு தடை செய்கிறது

குளிர்காலத்தில் சைக்கிள் 'கனமாக' ஓடுவதாகப் பலரும் சொல்வர். இது மனப்பிரமை அன்று. காற்று குளிரும்பொழுது அடர்த்தி மிகுகிறது. கடல் மட்டத்தில் 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோகிராம்; 0 டிகிரியில் 1.29 கிலோகிராம். அதே வேகத்தில் செல்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு 11 சதவீதம் கூடுகிறது. இங்கிலாந்தின் கோடைகாலத்து 20 டிகிரியையும் குளிர்காலத்து 0 டிகிரியையும் ஒப்பிட்டால் வேறுபாடு 7 சதவீதம். உழைப்பு முழுவதும் காற்றை எதிர்ப்பதற்கே செலவாகிறது என்று கொண்டால், மணிக்கு 16 மைல் வேகத்தில் 12½ மணி நேரத்தில் முடியும் 200 மைல் பிரயாணத்துக்கு, அதே உழைப்பில் ஏறத்தாழ 18 நிமிடம் கூடுதலாகும். டிசம்பர் இறுதியில் அந்நாட்டில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே கூடும் ஒவ்வொரு நிமிடமும் இருளில்தான் சேர்கிறது.

டயரும் மாறுதலடைகிறது. 20 டிகிரி உள்ள அறையில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் காற்றடித்த டயரை 0 டிகிரி உள்ள வெளியில் நிறுத்தினால் அழுத்தம் 55 பவுண்டாகக் குறைந்துவிடும். ரப்பர் விறைப்படைகிறது, மசகு கெட்டியாகிறது. ஈரமான விளிம்பில் பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது. பாலங்களின் மேற்பரப்பு சாலையின் பிற பகுதிகளுக்கு முன்னரே உறைந்துவிடும். மேலும் கீழும் குளிர்ந்த காற்றே சூழ்ந்திருப்பது இதற்குக் காரணம்.

அசையாக் காற்றிலும் சைக்கிள் ஓட்டுபவர் தமக்குத் தாமே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். காற்று வீசும்பொழுது உடல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்பதை அண்டார்டிகாவில் நீர் உறையும் நேரத்தைக் கொண்டு ஆராய்ந்து, பால் சிப்பிள், சார்லஸ் பாசல் ஆகியோர் 1945இல் வெளியிட்டனர். 2001 முதல் அமெரிக்காவும் கனடாவும் பின்பற்றும் திருத்திய வாய்ப்பாட்டின்படி, 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் முகத்துக்குத் தோன்றும் குளிர் ஏறக்குறைய −5 டிகிரிக்குச் சமம். வட இந்தியச் சமவெளியில் ஜனவரி மாத அதிகாலையில் 5 டிகிரி குளிரில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பணியாளர் 2 டிகிரிக்குரிய குளிரை உணர்வார். மூடுபனி இருப்பின் உடையும் நனையும். எனினும், காற்றினால் பொருள்கள் விரைவாகக் குளிருமேயன்றிச் சுற்றுப்புற உஷ்ணநிலைக்குக் கீழே செல்லா என்பதை மாணவர்களுக்கு விளக்குதல் நலம்.

உடலும் உடையும்

மனிதத் தசை தான் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்கு அளிக்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. பெடலில் 100 வாட் உழைப்பவரின் உடலில் 300 வாட்டுக்குக் குறையாத வெப்பம் உண்டாகிறது. ஆகவே மேட்டில் ஏறும்பொழுது வியர்வையும், இறங்கும்பொழுது நடுக்கமும் ஏற்படுகின்றன. ஆபத்து இந்த மாற்றத்திலேயே இருக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்துவது. வியர்வையில் நனைந்த கனமான ஒரே சட்டையைவிட, இடையே காற்றைத் தேக்கிவைக்கும் மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அணிவது மேலானது. மேட்டில் ஒன்றைக் களைந்து, உச்சியில் மீண்டும் அணிந்துகொள்ள வேண்டும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும், பருத்தி காக்காது. மார்பின் முன்புறம் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைப்பது சைக்கிள் பிரயாணிகளின் பழைய வழக்கம். காற்றைத் தடுப்பதில் அது இன்றும் பயனுள்ளதே.

குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரல்களே முதலில் மரத்துப்போகின்றன. தாகவுணர்வும் குறைகிறது, எனினும் மூச்சின் வழியே நீர் வெளியேறிக்கொண்டேயிருக்கும். ஆதலால் தாகமில்லாவிடினும் குறித்த நேரத்தில் வெதுவெதுப்பான பானம் பருகுதல் அவசியம்.

உடலின் உட்புற உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. கட்டுக்கடங்காத நடுக்கம், பொத்தானைப் பூட்டவும் இயலாத கை, குழறும் பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மிகவும் மோசமாகிவிட்டது என்று பொருள். அத்தகையவரைக் காற்றில்லாத இடத்தில் சேர்த்து, ஈர உடையை மாற்றி, போர்த்தி, நினைவோடிருந்தால் இனிப்பான சூடான பானம் அளித்து, மருத்துவ உதவியை நாடவேண்டும். மது கொடுத்தலும் கைகால்களைத் தேய்த்தலும் கூடா.

இவை எல்லாவற்றிலும் கொடியது, குளிர் முடிவெடுக்கும் ஆற்றலையே தாக்குகிறது என்பதாகும். இன்னும் ஐந்து மைல் சென்றால் எண் ஒரு படி உயரும் என்ற நினைப்பு எழும் அதே வேளையில், அந்த ஐந்து மைல் தகுமா என்று எடைபோடும் அறிவு மங்கத் தொடங்கியிருக்கும். ஆதலால் திரும்பவேண்டிய இடத்தையும் நேரத்தையும் வீட்டில், சூடான அறையில் இருக்கும்பொழுதே முடிவு செய்து எழுதிக்கொள்ளவேண்டும். வழியில் அதனை மாற்றலாகாது. எண்ணை அடைய வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. எடிங்டன் இரண்டு படிகளுக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்.

குளிரில் பொய்க்கும் கருவி

சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித் தூரம் காட்டும் கருவியைப் பயன்படுத்துவோர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குளிரில் டயரின் அழுத்தம் குறைவதால் அது சற்றுத் தட்டையாகிறது. அச்சிலிருந்து தரை வரையுள்ள உயரம் 355 மில்லிமீட்டர் எனில், அதில் 1 மில்லிமீட்டர் குறைந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி செல்லும் தூரம் 0.28 சதவீதம் குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும். கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். 75 மைலில் இப்பிழை ஏறக்குறைய கால் மைல். எடிங்டன் கணக்கில் சேர்க்க மறுத்த அதே கால் மைல்! குளிர் பிரயாணியின் உழைப்பைக் கூட்டுவதோடு, செய்யாத தூரத்தையும் செய்ததாகக் காட்டி அவரை மகிழ்விக்கவும் முயல்கிறது. புறப்படும் முன்னர் வெளிக்காற்றின் குளிரிலேயே டயரின் அழுத்தத்தைச் சரிசெய்தல் இதற்குப் பரிகாரம்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

இப்பொருளை ஆசிரியர்கள் எளிதில் பாடமாக்கலாம். சைக்கிளின் டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, ஒருவரை வண்டியில் அமர்த்தி, பத்துச் சுற்றுகள் உருட்டி, தரையில் அத்தூரத்தை அளந்து பத்தால் வகுக்கச் செய்யவேண்டும். சுற்றளவு 2.2 மீட்டர் என்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 455 சுற்றுகள். பிறகு காற்றைச் சிறிது குறைத்து மீண்டும் அளந்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் தேதி, சென்ற தூரம், காலை உஷ்ணநிலை, காற்றின் திசை ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவரலாம். நடந்து வருவோர் நூறு மீட்டரை அலகாகக் கொள்ளலாம். மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறினால் எடிங்டன் எண்ணை 1.6ஆல் பெருக்கிவிட முடியாது. அலகு மாறும்பொழுது தேவைப்படும் நாட்களின் எண்ணிக்கையும் மாறுவதால் பட்டியலை முதலிலிருந்து ஆராயவேண்டும். இதற்கான காரணத்தை மாணவர்களே கண்டறியுமாறு விடுதல் நன்று.

குறிப்பேடு எழுதுவோர் பின்பற்றவேண்டிய விதிகள் மூன்று. அளவையைப் பிரயாணத்துக்கு முன்னரே வகுத்துக்கொள்ளல். அன்றைய கணக்கை அன்றே எழுதுதல். குறைந்ததைக் குறைந்ததாகவே எழுதுதல். மழையளவு எழுதும் கள ஊழியருக்கும், உஷ்ணநிலை குறிக்கும் மாணவருக்கும், தம் சைக்கிள் பிரயாணத்தைப் பதிவு செய்பவருக்கும் இவை ஒருங்கே பொருந்தும்.